ஜெஹ்ரா வீட்டு வாசலுக்கு நான் கூட்டிப்போன விருந்தாளி

இந்த நாட்டில் வெயில் இருக்கிறது. காற்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு கம்பி போட்ட பால்கனியும் இருக்கிறது. ஆனால் துவைத்த துணியை அதில் காயப் போடக் கூடாது. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் என் மகன் ஜாபர் வாடகைக்கு இருக்கும் அப்பார்ட்மெண்டுக்கு நான் வந்து சேர்ந்த முதல் கோடையில் எனக்கு இது தெரியாது. அதிராம்பட்டினத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துப்பட்டியை அலசி, பால்கனிக் கம்பியில் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கிளிப்பும் மாட்டிவிட்டு, ஏதோ பெரிய வேலை முடித்தவள் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வாசல் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. மருமகள் நஸீமா அதைப் பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"மாமி, லீசிங் ஆபீஸ்ல வார்னிங் குடுத்திருக்காங்க. பால்கனில துணி தொங்கப் போட்டா பில்டிங் பாக்க அசிங்கமா இருக்காம். இனிமே டிரையர்ல போட்டுடுங்க மாமி."

எனக்குக் கூசிப் போயிற்று. தலையில் போடுகிற துணி எப்படி அசிங்கமாகும் என்று கேட்கவும் வாய் வரவில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு, கதவில் ஒட்டியிருந்த டேப்பின் மிச்சத்தைச் சுரண்டி எடுக்கலாம் என்று வெளியே வந்தேன். எதிர் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு என்னைவிட நாலைந்து வயது குறைந்த ஒரு பெண் அதே மாதிரிக் கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி போடாமல் படிக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ரோஸ் நிறம். பூப்போட்ட முக்காடு. என்னைப் பார்த்ததும் தன் பால்கனிப் பக்கம் கையைக் காட்டினாள், என் பால்கனிப் பக்கம் காட்டினாள், காகிதத்தைக் காட்டினாள். பிறகு நாக்கைத் தட்டித் தலையை மேலே தூக்கினாள். என்னைப் பரிகாசம் செய்கிறாள் என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் ஊரில் 'கூடாதாம்' என்று சொல்ல அதுதான் சைகை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் பெயர் ஜெஹ்ரா. துருக்கிக்காரி.

இதை ஊரில் இருக்கிறவர்களும், இங்கே என்னைப் போல் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ நாளைக் கழிக்கிற பெண்களும் படிப்பார்கள் என்று எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாசலில் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லியே பழகியவள். என் வீட்டுக்காரர் மவுத்தான அன்று வந்தவர்களிடம்கூட நாலு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்று நாத்தனார் குறைப்பட்டாள். அப்படி ஆயுசு முழுவதும் வாயைத் திறக்காதவள் ஒரே ஒரு தடவை தைரியமாகத் திறந்தேன். அதைத்தான் எழுத வேண்டும். கோடு போட்ட நோட்டில் நான் எழுதுவதை நஸீமா கம்ப்யூட்டரில் அடித்துத் தருகிறாள்.

ஊரில் எங்களைத் துலுக்கர் என்பார்கள். மீன் விற்க வருகிற அம்மாள் 'துலுக்கச்சி, சட்டியை எடுத்துட்டு வா' என்று உரிமையோடு கூப்பிடுவாள், நானும் போவேன். துருக்கியிலிருந்து வந்த பெயர் அது என்று என் வாப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாரும் துருக்கியைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த நாட்டின் மேல் வாப்பாவுக்கு ஒரு பிரியம். தன் நிக்காஹ் அன்று போட்ட, கருப்புக் குஞ்சம் தொங்குகிற சிவப்புத் துருக்கித் தொப்பியைத் தகரப் பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்தார். பெருநாளைக்கு மட்டும் வெளியே வரும். ஜெஹ்ராவும் நானும் பேச ஆரம்பித்த புதிதில் இதை அவளிடம் சொன்னேன். பேச்சு என்றால், அவள் போனில் ஒன்று வைத்திருந்தாள். அவள் துருக்கியில் சொன்னால் அது தமிழில் சொல்லும், நான் தமிழில் சொன்னால் துருக்கியில் சொல்லும். அந்தத் தமிழ் செய்தி வாசிக்கிறவர் குரலில் இருக்கும். சிரிக்கிறதையும் அழுகிறதையும் ஒரே மாதிரிதான் சொல்லும்.

தொப்பிக் கதையைக் கேட்டதும் ஜெஹ்ரா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போன் சொன்னது: "அந்தத் தொப்பியை அணிவது எங்கள் நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டது. என் தாத்தாவின் காலத்தில் அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுல்தானை அனுப்பிவிட்டுப் புது நாடு கட்டியவர்கள், உலகம் நம்மைப் பின்தங்கியவர்கள் என்று சொல்லக் கூடாது என்று தலையில் இருப்பதை முதலில் மாற்றினார்களாம். பிறகு எழுத்தை மாற்றினார்களாம். அங்கே கழற்றி எறியச் சொன்னதைக் கடல் தாண்டி அதிராம்பட்டினத்தில் நாங்கள் அவர்கள் ஞாபகமாகப் பூட்டி வைத்திருந்தோம். வாப்பாவுக்குக் கடைசிவரை இது தெரியாது. தெரியாமல் போனதும் நல்லதுதான்.

எழுத்து மாறியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெஹ்ரா கணக்கு டீச்சர். அவளுடைய அலமாரியில் பச்சைத் துணி சுற்றிய பழைய குர்ஆன் ஒன்று இருந்தது. அவள் தாத்தா ஒரு சின்னப் பள்ளிவாசலில் இமாமாக இருந்தவர். முதல் பக்கத்தில் அவர் தன் கையால் ஏதோ எழுதி வைத்திருந்தார். அரபி எழுத்து, ஆனால் துருக்கி மொழி. அவர் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம். நாங்களும் ஒரு காலத்தில் அரபி எழுத்தில் தமிழ் எழுதினவர்கள்தான்; என் உம்மா அந்த மாதிரிக் கிதாபில்தான் பாட்டுப் படிப்பார், எனக்கும் சொல்லிக் கொடுத்தார். ஜெஹ்ராவுக்குக் குர்ஆன் எழுத்தைச் சின்ன வயதில் மறைவாகக் கொஞ்சம் சொல்லிக் கொடுத்ததோடு சரி. உயிர்க் குறி போடாத கையெழுத்து அவளுக்கு வராது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். எனக்கு அர்த்தம் தெரியாது. "கீஸம்," என்றேன். ஜெஹ்ரா நிமிர்ந்தாள். "கிஸிம்," என்றாள் மெதுவாக. அடுத்ததை "தூக்தீ" என்று கூட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகள் பிறந்தாள் என்று எழுதியிருக்கிறார். அவள் உம்மா பிறந்த அன்று எழுதியது. பேரப்பிள்ளை அறுபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் படிக்க முடியவில்லை. நாலு வரிதான் மொத்தம். இரண்டு மத்தியானம் ஆயிற்று. பாதி வார்த்தைகள் கடைசிவரை பிடிபடவில்லை. என் ஆயுசில் மெத்தப் படித்த ஒருவருக்கு நான் படித்துக் காட்டியது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து என்னை ஆப்லா என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவர்கள் பாஷையில் ராத்தா, அக்கா.

போன் இல்லாமலும் கொஞ்சம் பேசிக்கொள்வோம். துன்யா என்றால் உலகம், கிதாபு புத்தகம், ஸபுர் பொறுமை, இன்சான் மனிதன்; இதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரிந்தவை. அவளிடமிருந்து நான் வேறு சிலவும் கற்றுக்கொண்டேன். அஸ்கர் என்றால் பட்டாளம். ஹுகூமத் என்றால் அரசாங்கம். அதாலத் நீதி. ஹபிஸ் ஜெயில். சமையல்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள் தன் நாட்டுக் கதையைச் சொல்வாள், அந்த நாலு வார்த்தையும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது பட்டாளம் வந்து அரசாங்கத்தைப் பிடித்தது, ஒரு பிரதம மந்திரியைத் தூக்கில் போட்டது. அவள் வாப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு தடவை பட்டாளம் மிரட்டியே மந்திரிகளை இறக்கியது. அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு மறுபடியும் வந்தது. அந்தத் தடவை அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலேஜில் ஏழைக்கு நியாயம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த பையன். வீட்டுக்கு ஆள் வருவதற்குள் அவன் புத்தகங்களை எல்லாம் அவள் உம்மா அடுப்பில் போட்டு எரித்தார். முழுப் புத்தகமாகப் போட்டால் எரியாது என்று ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டாராம். அன்றைக்கு அந்த அடுப்பில் வைத்த சூப்பையே எல்லோரும் குடித்தார்கள். தம்பி திரும்பி வந்தான். ஆனால் கதவு சத்தம் கேட்டால் எழுந்து நின்றுகொள்வான் என்று சொல்லி ஜெஹ்ரா எழுந்து நின்று காட்டினாள், கையில் கத்தியும் பீன்ஸுமாக.

அதற்குப் பிறகு முக்காட்டுக்கு வந்தது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் முக்காடு போடக் கூடாது. தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே கழற்றிப் பையில் வைத்துவிட்டு உள்ளே போவாள், சாயங்காலம் கேட்டுக்கு வெளியே போட்டுக்கொள்வாள். ஒரு நாள் கழற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். வேலை போயிற்று. ஒரு தனியார் டியூஷன் சென்டரில், முடிக்கு மேல் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவள் கணவர் ஹலீலும் அங்கேதான் பாடம் நடத்தினார். பிறகு அதே ஆட்கள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் மாறினார்கள். காலம் மாறி முக்காடு போடலாம் என்று சட்டம் வந்தது. பொய்முடியைக் குப்பையில் போட்டாள். இனி கஷ்டம் இல்லை என்று நினைத்தாள்.

இங்கே மகள் எலிஃபுக்குப் பிரசவம் என்று ஆறு மாத விசாவில் இரண்டு பெட்டியோடு வந்தாள், நம்மவர்கள் வருகிற மாதிரியே. குழந்தை பிறந்த மறு மாதம் டிவியில் இஸ்தான்புல் பாலத்தின் மேல் டாங்கி நின்றது. மறுபடியும் பட்டாளம். இந்தத் தடவை ஜனங்களே ரோட்டில் இறங்கி அதை விரட்டிவிட்டார்கள். நிறையப் பேர் செத்தார்கள். அந்தக் கலகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் என்று அரசாங்கம் யாரைச் சொன்னதோ, அவர்களுடைய ஆட்கள்தான் ஜெஹ்ரா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை நடத்தியவர்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பெயர்ப் பட்டியல் வந்தது. மகளின் மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க, ஜெஹ்ரா போனில் விரலால் தள்ளித் தள்ளி அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடினாள். இருந்தது. ஹலீல் பெயரும் இருந்தது. அவரை ஹபிஸில் வைத்தார்கள். எந்தப் பத்திரிகை வாங்கினாய், யார் வீட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்தாய் என்று கேட்டார்களாம். அவளுடைய பாஸ்போர்ட் செல்லாது என்றார்கள். ஆறு மாதத்துக்கு வந்தவள் நான் பார்க்கும்போது ஐந்தாவது வருடத்தில் இருந்தாள். அந்த இரண்டு பெட்டியில் ஒன்றைப் பிரிக்கவே இல்லை. ஹலீலுக்கு வாங்கிய குளிர்ச் சட்டை அதில் இருந்தது.

இதில் யார் சரி, யார் தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, அறிவும் இல்லை. பட்டாளத்தை அனுப்பியவர்கள் யார் என்று ஜெஹ்ராவுக்கே தெரியாது. "நான் பின்னம் சொல்லிக் கொடுத்தேன், ஆப்லா," என்று போன் வழியாகச் சொன்னாள். "முக்கால், அரை, கால். அவ்வளவுதான்."

ஆறு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு ஹலீல் வெளியே வந்தார். போனில் எனக்குக் காட்டினாள். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை. என்னைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட்டில் கேட்டிருந்தார். கிடைத்துவிட்டால் எலிஃப் அவரை இங்கே கூப்பிட்டுக்கொள்வாள். நோன்பு முடிந்த மாதம் விசாரணை. இதைச் சொன்ன அன்று ஜெஹ்ரா தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள். நானும் வைத்தேன். எங்கள் ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தால், மகனுக்கு விசா வந்தால், முடிகிறவரை வெளியே விட மாட்டோம். கண்ணூறு பட்டுவிடும். அவர்கள் ஊரிலும் வாசலில் நீலக் கண் தொங்க விடுகிறவர்கள்தானே. அதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த விரலுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

நோன்பு வந்தது. சனி, ஞாயிறுகளில் ஜாபர் எங்களைக் காரில் இருபது, முப்பது நிமிடம் தள்ளி இருக்கிற ஒரு பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கக் கூட்டிப்போவான். எல்லா நாட்டுக்காரர்களும் வருவார்கள். ஜெஹ்ரா வர மாட்டாள். கால் வலி என்பாள். ஒரு சனிக்கிழமை பெண்கள் பக்கத்தில் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண் எள் தூவிய வட்ட ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். வாட்டசாட்டமான பெண், ஐம்பது வயது இருக்கும். சிரித்த முகம். பெயர் ஐனூர். எந்த நாடு என்று கேட்டேன். துருக்கி என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் பழக்கம் என்ன? ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் பக்கத்து ஊர் என்று தெரிந்தால் போதும், எந்தத் தெரு, யார் வீடு, இன்னார் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு முடிப்பதற்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம். ஜெஹ்ரா இத்தனை வருடம் தன் பாஷையில் பேச மகளைத் தவிர ஆளில்லாமல் கிடக்கிறாளே, இவளைக் கொண்டுபோய் விட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது.

பள்ளிவாசலுக்குள், நோன்போடு இருக்கிற ஒருத்தியிடம் துஆ செய், வேண்டிக்கொள் என்று கேட்பதில் கண்ணூறு எங்கே வருகிறது? எங்கள் ஊரில் நோன்பு இரவுகளின் தராவீஹ் தொழுகை முடிந்ததும் பெண்கள் இன்ன பெயருக்கு, இன்ன காரியத்துக்கு என்று விவரமாகச் சொல்லித்தான் துஆ கேட்போம். விவரம் குறைந்தால் துஆ முகவரி தப்பிப் போய்விடும் என்கிற மாதிரி. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். மை பிரண்ட். டர்க்கி. கைசேரி ஊர். டீச்சர். ஹஸ்பண்ட் நேம் ஹலீல். ஜெயில் பினிஷ். பாஸ்போர்ட் கேஸ். நெக்ஸ்ட் மன்த். கமிங் ஹியர். பிளீஸ் துஆ. முழுப் பெயரைக் கேட்டாளா, நானாகச் சொன்னேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. ஆனால் சொன்னேன்.

நான் கூப்பிட்டபடியே மறுநாள் ஐனூர் அவளே காரை ஓட்டிக்கொண்டு பிளெய்ன்ஸ்பரோ வந்தாள். கையில் புது ரொட்டி. நான் வட்டலப்பம் செய்து வைத்திருந்தேன். கையைப் பிடித்து எதிர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் ஒருத்தரைக் கையைப் பிடித்து இழுப்பதைப் பார்த்து நஸீமாவே ஆச்சரியப்பட்டாள். ஜெஹ்ரா கதவைத் திறந்தாள். "டர்க்கி," என்றேன், பெருமையாக. இரண்டு பேரும் ஸலாம் சொன்னார்கள். ஐனூர் ஏதோ கேட்டாள், ஜெஹ்ரா ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஐனூர் இன்னொன்று கேட்டாள். ஜெஹ்ரா பதில் சொல்லவில்லை. என்ன கேட்டாள் என்பது பிறகு எலிஃப் சொல்லித்தான் தெரியும். எந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று கேட்டிருக்கிறாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பதில் சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும். ஐனூருடைய முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ரொட்டியைக் கொடுக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. செருப்பு விடுகிற இடத்தில் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். வட்டலப்பக் கிண்ணத்தோடு நான் நடுவில் நின்றேன்.

ஜெஹ்ரா போனை எடுத்தாள். "அவளிடம் என்ன சொன்னீர்கள்?" என்று அந்தச் செய்தி வாசிக்கிற குரல் கேட்டது.

"பேரு சொன்னேன். ஹலீல்னு சொன்னேன். பாஸ்போர்ட் சொன்னேன்," என்றேன். "துஆ செய்யத்தாம்மா சொன்னேன்."

போன் அதை அவள் பாஷையில் சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "ஆ, ஆப்லா," என்றாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். உள்ளே இரண்டு பூட்டும் விழுகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் ஜாபரிடம் சொன்னேன். அவன் லேப்டாப்பை மூடினான்.

"உம்மா, அந்த நாட்டுக்காரங்க இங்கயும் ரெண்டு மூணு குரூப்பா இருக்காங்க. ஒருத்தர் கடைக்கு ஒருத்தர் போறதில்ல. யார் யாரைப் பத்தி ஊருக்கு ரிப்போர்ட் பண்றாங்கன்னு பயந்து சாகுறாங்க. நீங்க ஏம்மா போய் டீட்டெயில் எல்லாம் குடுத்தீங்க?"

"எனக்கு எப்படி வாப்பா தெரியும்?"

"ஏங்க, மாமியைத் திட்டாதீங்க. நல்லதுன்னு நெனச்சுதான் பண்ணியிருக்காங்க," என்றாள் நஸீமா.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் குண்டு வெடித்த பிறகு எங்கள் தெருவில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது மறந்துபோகிற விஷயமா? யார் மகன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்று மளிகைக் கடையில்கூடச் சொல்ல மாட்டோம். என் கொழுந்தனார் மகனை விசாரிக்க வந்தவர்கள் கையில் அவன் கோயம்புத்தூரில் தங்கியிருந்த அறையின் விவரம் முழுவதும் இருந்தது. சொன்னவர் நல்லவர்தான், டீக்கடையில் பெருமைக்குச் சொன்னது. அந்த வருடம் முழுவதும் கதவுக்குப் பின்னால் நிற்பது எங்கள் ஊர் ஆண்களுக்கும் பழகிப்போனது. அதை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இங்கே பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று நினைத்துவிட்டேன்.

பெருநாள் கழிந்து மூன்றாவது வாரம் எலிஃப் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. நஸீமாவிடம் இங்கிலீஷில் சொல்ல, நஸீமா எனக்குத் தமிழில் சொன்னாள். ஹலீலை மறுபடியும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மனைவி அமெரிக்காவில் யாரோடு இருக்கிறாள், நீ அங்கே போய் யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் கிடையாது என்று ஆகிவிட்டது.

"எங்களால யார் மேலயும் பழி சொல்ல முடியாது ஆன்ட்டின்னு சொல்றா மாமி. ஒருவேளை யாருமே சொல்லாம, அவங்களாவே கேட்டிருக்கலாமாம். ஆனா அவங்கம்மாவால இனிமே கதவைத் திறக்க முடியாதாம்."

எலிஃப் என்னைப் பார்த்து, "தெய்ஸே," என்றாள். பெரியம்மா என்று அர்த்தம்.

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமை பள்ளிவாசலில் ஐனூரைத் தேடிப் போனேன். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் பிடித்தேன். "யூ டெல் சம்படி?" என்று கேட்டேன். அவள் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். பந்து ஆடுகிற பையன்கள் போடுகிற சட்டை, இருபது இருபத்திரண்டு வயது, முன்பல்லில் சின்ன இடைவெளி. "மை சிஸ்டர் சன்," என்றாள். "தட் நைட். பிரிட்ஜ். சோல்ஜர் ஷூட்." படத்தை விரலால் துடைத்தாள், கண்ணாடியில் தூசி இருப்பது போல. பிறகு சொன்னாள்: "ஐ டெல் மை ஹஸ்பண்ட். ஒன்லி மை ஹஸ்பண்ட்."

அவள் அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெஹ்ரா பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று அப்போதே தோன்றியது, ஆனாலும் விடவில்லை. அக்காள் மகனைப் பறிகொடுத்தவள் கையை எப்படி உதறுவது? ஒரே ராத்திரி இரண்டு வீட்டிலும் சாவு மாதிரி விழுந்திருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் ஒரே பாஷை பேசுகிறவர்கள், ஒரே மாதிரி ரொட்டி சுடுகிறவர்கள். அந்த ராத்திரியை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அழுது தீர்க்க ஏழு கடல் தாண்டி வந்தும் வழியில்லை. புருஷனிடம் மட்டும்தான் சொன்னாள். அவர் யாரிடமும் சொல்லாமலும் இருந்திருக்கலாம். இது எனக்கு என்றைக்கும் தெரியப் போவதில்லை. தெரியாததையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும்.

ஆறேழு மாதம் எதிர் எதிர் வீட்டில் இருந்தோம். நான் வெளியே வருகிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றுவிடும். ஒரு தடவை தபால் பெட்டி அருகில் நேருக்கு நேர் பார்த்தோம். அவள் நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தாள், போனில் அவள் கணவர் செய்த மாதிரியே. பிறகு போய்விட்டாள். எலிஃப் டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டாள். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை, அதனால்தான் போகிறோம் என்று நஸீமாவிடம் சொன்னாளாம். தெரிந்தவர்கள் இருக்கிற ஊருக்குத்தான் ஜனங்கள் குடி போவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். லாரி வந்த அன்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தப் பிரிக்காத பெட்டியை லாரியில் ஏற்றவில்லை. காரில் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் நஸீமாவுக்கு எலிஃபிடமிருந்து மெசேஜ் வந்தது. கைசேரியில் ஹலீல் மவுத்தாகிவிட்டார். இருதயம். காலையில் ரொட்டி வாங்கக் கடைக்கு நடந்து போனவர் வழியில் உட்கார்ந்துவிட்டாராம். அடக்கம் செய்ததை அங்கிருந்து யாரோ போனில் காட்ட, ஜெஹ்ரா டெக்சாஸில் ஒரு சமையல்கட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தாளாம். தன் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தாளாம். எட்டு வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியவள் போனிலேயே அடக்கியும் முடித்தாள். எனக்கு என்று அந்த மெசேஜில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஷாபி மத்ஹப் வழக்கத்தில் தூரத்தில் இறந்தவருக்காக, உடல் எதிரே இல்லாமலே ஜனாஸாத் தொழுகை தொழலாம். ஜாபரும் நஸீமாவும் வேலைக்குப் போன பிறகு முகம், கை, கால் கழுவி உளூச் செய்துவிட்டுத் தொழுகை விரிப்பைப் போட்டேன். ஊரில் நாங்கள் மேற்கே பார்த்து நிற்போம். இங்கே வடகிழக்கே நிற்க வேண்டும். மக்கா அந்தப் பக்கம். கைசேரியும் கொஞ்சம் முன்பின்னாக அந்தப் பக்கம்தான், அதிராம்பட்டினமும் அந்தப் பக்கம்தான் என்று ஜாபர் ஒரு தடவை வரைபடத்தில் காட்டியிருக்கிறான். அப்படியானால் டெக்சாஸ் எனக்கு நேர் பின்னால். ஜனாஸாத் தொழுகைக்குக் குனிவது கிடையாது, நெற்றியைத் தரையில் வைப்பது கிடையாது. நின்றபடியே தொழுது முடிக்க வேண்டும். யாருக்காகத் தொழுகிறேன் என்று நிய்யத் வைக்கும்போது ஹலீல் என்ற பெயரை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே சொன்னேன். எதிரே எங்கேயோ அவரை அடக்கிய கபுரும் என் வீட்டுக்காரருடைய கபுரும். முதுகுக்குப் பின்னால் எவ்வளவோ தூரத்தில் ஜெஹ்ரா. ஜமாஅத்தாகச் சேர்ந்து தொழும்போது பின் வரிசையில் ஒருவர் வந்து நிற்கும்போது பின்கழுத்தில் தெரியுமே, அப்படித் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.